கரண்ட் போனால் எங்கே நிற்போம்? கோத்தகிரியில் ஆடிய சில வீடியோ கேம்கள்

ஒரு கேம் வாங்கும் முன் நான் முதலில் விசாரிப்பது அது எங்கே சேவ் ஆகும் என்பதைத்தான். கிராஃபிக்ஸ், கதை, விலை எல்லாம் அப்புறம். கோத்தகிரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் எங்காவது ஒரு கற்பூர மரம் மின்கம்பி மேல் சாய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்கள் கிழக்குச் சரிவில்தான் வெளுத்து வாங்கும். கரண்ட் எப்போது வரும் என்று லைன்மேனாலும் சொல்ல முடியாது. அவரே அந்த மழையில் நனைந்துகொண்டு மரத்தை வெட்டிக்கொண்டிருப்பார்.

சமவெளி நண்பர்கள் கேம்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியே வருவதில்லை. நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வருகிறது, எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் பேச்சு. கடந்த மழைக்காலத்திலிருந்து நான் ஆடியவற்றை என் கேள்வியை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கரண்ட் இருந்தாலும் நடுவில் யாராவது கூப்பிடத்தானே செய்வார்கள்.

முதலில் ஸ்டார்டியூ வேலி. 2016இல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல், வசனம் எல்லாவற்றையும் செய்து முடித்த கேம். தாத்தா விட்டுப்போன பண்ணையைச் சீர்படுத்த வேண்டும், அவ்வளவுதான் கதை. நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடியும். நம் கடிகாரத்தில் அது ஏறக்குறைய 14 நிமிடம். படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். எந்த நொடியில் கரண்ட் போனாலும் நட்டம் அந்த ஒரு நாள் மட்டுமே. காற்று பலமாக அடிக்கிற சாயங்காலங்களில் நான் சுரங்கத்துக்குப் போவதில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மதியமே ஆளைப் படுக்க வைத்துவிடுவேன். எந்த நேரத்திலும் படுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இருட்டும் வரை ஓட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த கேமில் தேயிலையும் இருக்கிறது! கடைக்காரர் பியரின் மனைவி கரோலினோடு கொஞ்சம் பழகி, அவர் வீட்டுக் கண்ணாடி அறைக்குள் போனால் மறுநாள் தபாலில் தேயிலைக் கன்று செய்யும் முறை வரும். நட்ட 20 நாளில் செடி தயார். பருவத்தின் கடைசி வாரம் மட்டும் தினமும் இலை தரும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்தால்தான் உண்டு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்கக் கொழுந்து பறித்த கை அது.

"நட்டு இருபதே நாள்ல கொழுந்தா? நமக்கு மூணு வருசம் ஆகுமேப்பா."

"விளையாட்டும்மா."

"சரி, கவாத்து எப்ப அடிப்பாங்க?"

கவாத்தே கிடையாது என்றேன். அதை அவரால் ஏற்கவே முடியவில்லை. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து அடிக்காத செடி எட்டாத உயரத்துக்கு மரமாகிவிடும் என்று எனக்கே பாடம் நடத்தினார். அவர் சொன்னதில் எனக்கு நியாயம் பட்டது, ஆனால் என் குறை வேறு. அந்த கேமின் பணத்தில் இலை ஒன்று 50 என்றால் எந்நாளும் அடிப்படை விலை 50தான். கன்றை விற்றால் 500. சிறு விவசாயியான நாங்கள் ஒவ்வொரு மாதமும் தேயிலை வாரியம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைப் பார்த்துவிட்டுத்தான் உரம் வாங்கலாமா, ஆள் விடலாமா என்று முடிவு செய்கிறோம். விலை இறங்கவே இறங்காத ஓர் ஊரைக் கற்பனை செய்திருக்கிறார்கள். உழைத்தது வீண் போகாது என்ற அந்த உறுதிக்காகத்தான் இவ்வளவு பேர் அதை விட மாட்டேன் என்கிறார்கள் போலும். நானும் அவர்களில் ஒருவன். அளவும் ஒரு ஜிபிக்குக் கீழே, பழைய லேப்டாப்பிலும் ஓடும். மலையில் முதல் கேம் எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அடுத்து சண்டை கேம்கள் இரண்டு. 2025 செப்டம்பரில் இரண்டும் வந்ததால் மாற்றி மாற்றி ஆட நேர்ந்தது. ஒன்று ஹேடீஸ் 2. அதன் முழு வடிவம் அப்போதுதான் வெளியானது. இன்னொன்று ஹாலோ நைட்: சில்க்சாங். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழு 2017இல் கொடுத்த ஹாலோ நைட்டின் அடுத்த பாகம். அது வந்த அன்று கூட்டம் தாங்காமல் ஆன்லைன் கடைகளே கொஞ்ச நேரம் திணறின.

ஹேடீஸ் 2இல் மெலினோயி என்ற இளம் சூனியக்காரியாக ஆடுகிறோம். அறை அறையாகச் சண்டை. நடுவில் வெளியே வந்தால் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடரலாம். ஓர் அறை பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். செத்தால் முகாமுக்குத் திரும்புவோம், அங்கே ஆளுக்கொரு புதுப் பேச்சு வைத்திருப்பார்கள். தோற்றதும் சலிப்பு வருவதற்குள் கதை ஒரு படி நகர்ந்திருக்கும். நேரத்தை மதிக்கும் கேம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரே குறை, பொறுக்கிச் சேர்க்க வேண்டிய பொருட்கள் முதல் பாகத்தைவிட அதிகம். செடி, தாது, மீன், எலும்பு என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். முகாமில் இருக்கும் மந்திரப் பானையில் அடுத்த மந்திரத்துக்கு என்ன தேவையோ அதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு போனால் போதும்.

சில்க்சாங் அழகில் இதைவிட ஒரு படி மேல். நாம் ஆடும் பாத்திரமான ஹார்னெட் ஊசியை வீசிக்கொண்டு தாவும் ஒவ்வொரு அசைவும் கையால் வரைந்தது, அதன் துல்லியம் கண்ணை எடுக்க விடாது. பாசி படிந்த குகைகளின் ஓசையை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடியும், வெளியே போய்த் திரும்பி வந்தாலும் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான் எழுந்திருப்போம். சில பெஞ்சுகளுக்குக் காசும் கட்ட வேண்டும். பெரிய எதிரியிடம் தோற்றால் பெஞ்சிலிருந்து அவன் இருக்கும் இடம் வரை மறுபடி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. தோற்ற எரிச்சலோடு அதே முள்ளை அதே மாதிரி தாண்டுகிறோம், அவ்வளவுதான். கஷ்டமான கேம் என்பதில் எனக்குக் குறை இல்லை, கஷ்டத்துக்குப் போகும் வழியை நீட்டுவதில்தான் குறை. வெளியான சில வாரங்களிலேயே ஆரம்பக் கட்ட எதிரிகள் சிலரைக் கொஞ்சம் தணித்து அப்டேட் கொடுத்தார்கள், நல்ல காரியம். இதை எடுப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: பெரிய எதிரி இருக்கிறான் என்று தெரிந்ததும் நேரே மோதாமல், அந்தப் பகுதியில் இன்னும் பக்கத்தில் பெஞ்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒளிந்திருக்கும் பெஞ்சுகள் பல உண்டு.

இந்த மாதிரி வேகமான கேம்களுக்கு விரல் சூடாக இருக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் எங்கள் ஊரில் விரல் மரத்துப்போய் இருக்கும். எழுந்ததும் சண்டை கேமில் உட்கார்ந்தால் தோல்விதான். ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவைக் கையில் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, முதலில் ஏதாவது மெதுவான கேம் ஆடிவிட்டு அப்புறம் அங்கே போகலாம்.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையில் புதிதாக வாங்குகிறவர்களுக்கு லேப்டாப்தான் என் சிபாரிசு. பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும். செட்டிங்கில் ஃபிரேமை 30க்குக் கட்டிப்போட்டால் சேவ் செய்யும் இடம் வரை தாராளமாகத் தாங்கும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணை நம்ப வேண்டாம். 600 விஏ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 360 வாட்டுக்குத்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் கேம் ஆடும்போது அதற்கு மேல் இழுத்தால், கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் கத்திவிட்டு அணைந்துவிடும். வாட் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போடுங்கள், அதிகச் செலவில்லை.

ஈரம் இன்னொரு எதிரி. பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிட்டுத் துணியைக் காப்பாற்றுகிற ஊர் இது. மழைக்காலத்தில் கேம் ஆடாவிட்டாலும் கம்ப்யூட்டரைத் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். கன்ட்ரோலரை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பனியில் வெளியே இருந்து கொண்டுவந்த லேப்டாப்பை, கணப்பு போட்ட அறைக்குள் வந்ததும் ஆன் செய்யாதீர்கள். மூக்குக் கண்ணாடியில் படிவது போலவே உள்ளேயும் நீர் படிந்திருக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். மற்றபடி நம் குளிர் கம்ப்யூட்டருக்கு நல்லதுதான். கோயம்புத்தூரில் விசிறி அலறுகிற அதே லேப்டாப் இங்கே சத்தமில்லாமல் ஓடுகிறது.

சீட்டுக்கட்டு கேம் பலாட்ரோவை எடுத்தபோது வீட்டில் கொஞ்சம் பதற்றம். திரையில் சீட்டைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்த குடும்பங்களின் கதை தமிழ்நாட்டில் எந்த ஊரில்தான் இல்லை? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அதை நான் முழு மனதாக வரவேற்கிறேன். ஆனால் பலாட்ரோ அந்த வகை இல்லை. ஒருமுறை காசு கொடுத்து வாங்குவதோடு சரி. உள்ளே காசு கட்டவும் முடியாது, எதிரில் ஆளும் கிடையாது. போக்கர் சேர்க்கைகளை எடுத்துக்கொண்டு, ஜோக்கர் சீட்டுகளால் அதன் மதிப்பைப் பெருக்கி ஒரு இலக்கைத் தொட வேண்டும். உண்மையில் இது பெருக்கல் கணக்கு. ஒரே ஆள் உருவாக்கியது, 2024இல் வெளியானது. ஐரோப்பாவில் வயது முத்திரை தரும் அமைப்பு 2024இல் இதற்கு 18 என்று போட்டு, 2025இல் 12ஆகக் குறைத்தது. போக்கரே தெரியாதவர்கள் ஃப்ளஷ்ஷில் தொடங்குங்கள். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ப்பதுதான், புரிந்துகொள்ள சுலபம். வேண்டாத சீட்டுகளைக் கட்டிலிருந்தே நீக்கும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கிருந்தே தொடரலாம், பேட்டரியும் அதிகம் குடிக்காது. கரண்ட் இல்லாத இரவுக்கு இதைவிடப் பொருத்தமான கேம் நான் பார்க்கவில்லை. ஒரே எச்சரிக்கை, நேரம் போவது தெரியாது. அலாரம் வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஃபயர்வாட்ச் பழைய கேம், 2016. நான் இப்போதுதான் ஆடினேன். 1989 கோடையில் அமெரிக்காவின் வயோமிங் காட்டில், தீ வருகிறதா என்று கோபுரத்திலிருந்து பார்க்கும் வேலைக்கு வரும் ஹென்றி. பேச்சுத் துணை வாக்கி டாக்கியில் வரும் டெலைலாவின் குரல் மட்டும். சண்டை கிடையாது. கையில் காகித வரைபடமும் திசைகாட்டியும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மாசி, பங்குனியில் முதுமலைப் பக்கம் தீத்தடுப்புக் கோடு வெட்டி, காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கும் வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர்களைத் தெரிந்தவர்களுக்கு இது வேறு மாதிரி தைக்கும். அந்தத் தனிமையை இவ்வளவு சரியாகச் சொன்ன கேம் வேறில்லை. முடிவு சப்பென்று இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகப் பட்டது. காட்டில் தனியாக இருப்பவன் மனம் என்னென்னவோ கோத்துப் பார்க்கும், உண்மை அதைவிடச் சின்னதாகவும் துயரமாகவும் இருக்கும். விளையாடும்போது வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளியை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். அப்போதுதான் பாறையையும் ஓடையையும் அடையாளம் வைத்து நடப்போம்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2இன் நடுவர் என் மாமா. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பல வருடம் லோடு ஏற்றி இறங்கியவர். நான் ஆல்ப்ஸ் மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து வருவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"மாப்ள, இறக்கத்துல பிரேக்க நம்பாத. ஏறின கியர்லயே எறங்கு."

அவர் சொன்னது அப்படியே அந்த கேமிலும் செல்லுபடியாகிறது. இன்ஜின் பிரேக்கும், பிரேக்கை மிதிக்காமலே இறக்கத்தில் வேகத்தைத் தணிக்கும் ரிடார்டரும் தனித்தனி பட்டனில் இருக்கின்றன. ஏர் பிரேக் செட்டிங்கைக் கூட்டி வைத்தால், அடிக்கடி மிதிக்க மிதிக்கக் காற்றழுத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு மாமாவே விசைப்பலகையை வாங்கி ஆஸ்திரியாவில் ஒரு லோடு இறக்கினார். வளைவில் எதிர் வண்டி ஏறி வந்தால் அவர் கால் தன்னால் தரையை அழுத்தியது. ஏறும் வண்டிக்கு வழி விடுகிற வழக்கம் அங்கே இல்லையா என்பதுதான் அவருக்கு மனத்தாங்கல். 2012இல் வந்த கேம் இன்னும் புதுப் புதுச் சாலைகளோடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரோடு சேர்ந்து ஆட இதுதான் சரி.

வண்டி ஓட்டும் கேம் என்பதால் கார் பந்தய கேமான ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐயும் பார்க்கலாமே என்று சித்தப்பா மகன் சொன்னான். 100 ஜிபிக்கு மேல். எங்கள் வீட்டு இணைப்பில் அது ஆகிற காரியமில்லை. ஆனால் பெரிய கேம்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் நம் கணக்கில் வாங்கிய கேமை, நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் இறக்கி, ஸ்டீமிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து நிறுவலாம். மிச்சம் சின்ன அப்டேட் மட்டும்தான் இறங்கும். நாங்கள் கோயம்புத்தூருக்குப் போகும்போதெல்லாம் டிஸ்க் பையில் இருக்கும். போன் கேம்களில், ஆன்லைனில் குழுவாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ போன்றவற்றை நான் ஆடுவதில்லை. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடுகிற இடத்தில், நம்மை நம்பி மூன்று பேர் களத்தில் நிற்கும் கேமை எடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வெண்பாவைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசை. 2023இல் கனடாவின் டொரொண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் வெளியிட்டது. அடுத்த ஆண்டு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கிறது, மீதியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பது அங்கே ஒரு புதிர். அம்மா புதிர் என்றே நினைக்காமல் திரையைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

எங்களுக்கும் இடம்பெயர்ந்த கதை உண்டு. தாத்தா, பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். மகன் தன் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுக்கக் கூச்சப்படும் கதைப்பகுதி வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, தான் பள்ளிக்கூடத்தில் "சிலோன்காரப் பிள்ளை" என்று பேர் வாங்கியதை முதல்முறையாக எங்களிடம் விவரமாகச் சொன்னார். ஒரு கேம் வீட்டில் இப்படிப் பேச்சைத் திறந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சின்ன கேம் என்பதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம் என்பதால்தான் கேம் பழக்கமே இல்லாதவர்கள் கடைசிவரை உடன் இருக்கிறார்கள். பாடல்களும் அந்தந்தக் காலத் தமிழ்ப் பாட்டின் பாணியில் புதிதாக அமைத்தவை. அம்மாவோடு ஆடுவதானால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், பசி எடுத்துவிடும்.

வாங்குகிறவர்களுக்கு மிச்சம் இரண்டு விஷயம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த முதல் 2 மணி நேரத்துக்குள், சேவ் ஆகிவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஒருமுறை வெளியே வந்து, திரும்பப் போய் எங்கே எழுந்திருக்கிறோம் என்று பாருங்கள். எழுத்து அளவு கண்ணுக்குப் போதுமா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். இணையம் இல்லாதபோது ஆடுவதற்கான ஆஃப்லைன் முறையையும் இணைப்பு இருக்கும்போதே ஒருமுறை போட்டுச் சோதித்துவிட வேண்டும்.

இன்னொன்று, கரண்ட் போய் நெட் இல்லாமல் ஆடிய பிறகு மறுபடி இணைந்தால் சில சமயம் ஸ்டீம் ஒரு கேள்வி கேட்கும்: கம்ப்யூட்டரில் இருக்கும் சேவ் வேண்டுமா, கிளவுடில், அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்பில் இருப்பதா என்று. இரண்டுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கும். அவசரப்பட்டு எதையும் அழுத்தாதீர்கள். நெட் இல்லாத நேரத்தில் நீங்கள் ஆடியது கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நேரம் எது பிந்தியதோ அதைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் கேள்வியை ரத்து செய்துவிட்டு, சேவ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகு பதில் சொல்லுங்கள்.